அஞ்சாம் நாளுக்கு வந்த குரல்

ஆலங்காட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் பேர் கூப்பிட்டால் யாரும் 'உள்ளேன்' என்று சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பத்து வருசம் 'உள்ளேன் அய்யா' சொல்லித் தொண்டை பழகியிருந்தாலும் சரி, சுரங்கத்து கேட்டைத் தாண்டிவிட்டால் அந்த வார்த்தையை நாக்கில் வைக்கக் கூடாது, ஏனென்றால் அதற்குள் 'உள்ளே' இருக்கிறது, உள்ளே என்றால் மண்ணுக்குள்ளே, கரி ஓடுகிற பெல்ட்டுக்குள்ளே, போனால் திரும்பி வராத இடத்துக்குள்ளே. அதனால் அங்கே எல்லாரும் 'இருக்கன்' என்பார்கள். அய்யாவும் கிடையாது, சாரும் கிடையாது, வெறும் இருக்கன். பெரிய அதிகாரியே வந்து நின்று பேர் கூப்பிட்டாலும் அதே பதில்தான்.

அந்தச் சுரங்கத்துப் பயிற்சிக் கூடத்தில் புது ஆட்களுக்குப் பாடம் நடத்துகிறவள் விருத்தாம்பாள். பாடம் முடிந்த பிறகு மூன்று மாசம் அவர்கள் கூடவே பள்ளத்தில் இறங்கி, இங்கே நில், அங்கே கை வைக்காதே என்று மேய்க்கிறவளும் அவள்தான். டிப்ளமோ படித்து, பள்ளத்தில் ஆட்களை மேய்க்கிறதுக்கான சர்தார் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, "பொம்பளைக்குப் பள்ளத்துல என்னா வேலை" என்று கேட்டவன் எதிரிலேயே பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினவள். நாற்பத்து நாலு வயசு, வாய் கொஞ்சம் நீளம். ஹெல்மெட் நாடாவைக் கட்டாமல் வருகிறவனை "ஏன்யா, தலைய வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியா" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள். பதினாலு வருசத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அவளிடம் படித்துப் போயிருக்கிறார்கள், ஒருத்தர்கூடச் சாகவில்லை. அதை அவள் வெளியே சொல்ல மாட்டாள், சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம்.

அந்தச் சித்திரையில் வந்தவர்கள் பதினோரு பேர். எல்லாரும் கீழ்ப்பூவனூர்க்காரர்கள், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், கொடுத்தவர்கள் என்ன கொடுத்தவர்கள், எடுத்துக்கொண்டார்கள். நிலம் போன வீட்டுக்கு ஒரு வேலை, நாற்பது வயசுக்குள் இருக்க வேண்டும், பன்னிரண்டு நாள் பயிற்சி ஒரு நாள்கூட விடாமல் எடுக்க வேண்டும், ஒரு நாள் விட்டாலும் பேரை அடித்துவிட்டு ஆறு மாசம் கழித்து வரச் சொல்லிவிடுவார்கள். பதினோரு பேரில் பூவராகனுக்குத்தான் வயசு அதிகம். நாற்பது ஆக இரண்டே மாசம் இருந்தது. ஒரு நாள் விட்டால் அவனுக்கு ஆறு மாசம் கழித்து வருகிற கதையெல்லாம் இல்லை, அத்தோடு சரி.

நாலாம் நாள் வகுப்பு முடிந்ததும் அவன் வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"மேடம், நாளைக்கு எங்க அய்யனாரு எடத்துக்கு மிசினு வருது. காலையில பத்து மணிக்கு. அதுக்குள்ள பிடிமண்ணு எடுத்துடணும். அந்த மண்ண எடுத்துக் கொண்டாந்து வச்சாதான் புது எடத்துல சாமி நிக்கும். எங்கூட்ல நான்தான் தலமகன்."

"நாளைக்குப் பூட்டுப் பாடம்யா. பன்னெண்டு நாள்லயும் அதான் பெருசு."

"தெரியும் மேடம்."

"வரலன்னா பேர அடிச்சிருவாங்க."

"அதுவும் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் கெஞ்சியிருந்தால் அவள் நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பாள். கெஞ்சாமல் போனதுதான் அவளை அரித்தது.

மறுநாள் காலை விருத்தாம்பாள் பேர் கூப்பிட்டாள். கொளஞ்சி, இருக்கன். வீரமுத்து, இருக்கன். வரிசையாகப் போய்ப் பூவராகன் பேருக்கு வந்தது. கூப்பிட்டாள். இரண்டாம் வரிசையில் அவன் நாற்காலி காலியாக இருந்தது. பேனாவை எடுத்து உடனே ஆப்சென்ட் போட்டிருக்க வேண்டும், பதினாலு வருசமாக அப்படித்தான் போட்டாள், இன்றைக்கு மட்டும் கை போகவில்லை. இந்நேரம் அந்த மனுசன் ஈரத் துண்டோடு குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டிருப்பான், பின்னால் ராட்சச மிசின் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே மூன்று மூச்சு நேரம் சும்மா இருந்தாள். மூன்றாவது மூச்சில் அந்தக் காலி நாற்காலியிலிருந்து, பூவராகனுடைய கரகரத்த குரலிலேயே, "இருக்கன்" என்று பதில் வந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியில் ஆள் இல்லை. கொளஞ்சிதான் முதலில் சுதாரித்தான், எதையும் சிரிப்பாக்கிவிடுகிற ஆள் அவன். "அதான் சொல்லிட்டாரே மேடம், எழுதுங்க" என்றான். விருத்தாம்பாள் எழுதினாள். பூவராகன், அஞ்சாம் நாள், ஆஜர். மை காய்வதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள்.

பூட்டுப் பாடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புதுசாக வருகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு, ஒரே ஒரு சாவி. கரி ஓடுகிற பெல்ட்டை நிறுத்தி, அதற்குள் சிந்திக் கிடக்கிற களிமண்ணைச் சுரண்டப் போகும்போது, மேலே இருக்கிற சுவிட்சுப் பெட்டியில் உன் பூட்டை நீயே மாட்டிவிட்டு இறங்க வேண்டும், வெளியே வந்து நீயே எடுக்க வேண்டும். பத்துப் பேர் போனால் பத்துப் பூட்டு. ஒரு பூட்டு தொங்கினாலும் பெட்டி திறக்காது, பெல்ட் ஓடாது. "உன் உயிர இங்க தொங்கவிட்டுட்டுப் போற. ஊரான் கையில சாவியக் குடுக்காத" என்று அவள் சொல்லிச் சொல்லி, ஒவ்வொருத்தராக வந்து மாட்டிக் காட்டச் சொன்னாள். பூவராகன் முறை வந்தபோது அந்த நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது, மேசை மேல் இருந்த பூட்டு பெட்டியில் போய் மாட்டிக்கொண்டது, திரும்பக் கழன்று மேசைக்கு வந்தது. "சரி" என்றாள் விருத்தாம்பாள். வேறு என்ன சொல்வாள்.

அது எங்கிருந்து வந்தது, என்ன ஜாதி, பேயா சாமியா என்றெல்லாம் டவுன்ஷிப்பில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உபயோகமான ஒன்றை ஏன் விசாரிக்க வேண்டும்? ஏழாம் நாள் கொளஞ்சிக்குப் பல்வலி, அவன் வீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க, வகுப்பில் அவன் குரலில் இருக்கன் கேட்டது. அந்தப் பாடத்தை அப்புறம் கொளஞ்சியே கெஞ்சி அடுத்த ஷிப்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டான், அதற்குப் பிறகுதான் விருத்தாம்பாள் அவனுக்கு ஆஜர் போட்டாள். ஆனால் விஷயம் பரவிவிட்டது. பதினைந்து நாளைக்குள் பெரிய மஸ்டரில், நாலாயிரம் பேருக்குப் பேர் கூப்பிடுகிற இடத்தில், வராதவனே இல்லை என்று ஆகிப்போனது. கல்யாணத்துக்குப் போனவன், கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினவன், மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவன், அத்தனை பேருக்கும் அது இருக்கன் சொன்னது, அவரவர் குரலில், அவரவர் இழுவையோடு. பிறகு அது சுரங்கத்தை விட்டும் வெளியே வந்தது. கிராம சபைக் கூட்டத்துக்கு ஆள் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பா அம்மாவைக் கூப்பிட்ட நாளில் எல்லா அப்பாவும் வந்திருந்தார்கள், காலி பெஞ்சுகளைப் பார்த்து டீச்சர் ஒரு மணி நேரம் குறை சொன்னாள். அடுப்படியிலிருந்து "ஏங்க, இருக்கீங்களா" என்று குரல் கொடுத்த பொம்பளைகளுக்கு நடுவீட்டிலிருந்து பதில் வந்தது, புருசன் டீக்கடையில் இருந்தான். பதினாறாம் பிளாக்கில் ஒரு ரிட்டையர் ஆன கிளார்க், பொண்டாட்டி செத்து நாலு வருசமானவர், ஒரு நாள் வாய் தவறி அவள் பேரைக் கூப்பிட்டுவிட்டுக் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம். பதில் வந்ததா இல்லையா என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ரேடியோவை விற்றுவிட்டார்.

யூனியனில் அதற்கு உறுப்பினர் அட்டை கொடுக்கலாமா என்று இரண்டு கூட்டம் போட்டார்கள், முடிவு எட்டவில்லை. நிர்வாகத்துக்கோ தலைகால் புரியாத சந்தோசம். நூற்றுக்கு நூறு வருகை, நூற்றுக்கு நூறு பயிற்சி என்று கேட்டில் பெரிய பேனர் கட்டினார்கள், அதில் விருத்தாம்பாள் படமும் இருந்தது. அவள் அந்தப் பேனரைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்தே கேட்டைத் தாண்டினாள்.

ஏனென்றால் ஊருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். பூட்டுப் பாடம் பூவராகனுக்குள் போகவில்லை.

ஆறாம் நாளே அவனை ஓரமாக உட்காரவைத்து, ஒரு மணி நேரம் முழுப் பாடத்தையும் தனியாக நடத்தினாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான், மாட்டிக் காட்டினான், எடுத்துக் காட்டினான். எழுந்து நாலு அடி போனவனைக் கூப்பிட்டு, "இது எதுக்குய்யா?" என்று பூட்டைக் காட்டினால், "வீட்டுக்குக் குடுத்ததுங்களா மேடம்? பெரிய பூட்டா இருக்கே" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டான். மறுபடி சொன்னாள். மறுபடி போய்விட்டது. படம் போட்டுக் காட்டினாள், பாட்டாகக் கட்டிக்கூடச் சொன்னாள், வெட்கத்தை விட்டு. மற்ற பதினோரு நாள் பாடமும் அவனுக்குத் தண்ணீர்ப்பட்டபாடு, தீ அணைக்கிறது எப்படி, மண் சரிந்தால் எந்தப் பக்கம் ஓடணும், கரண்டு கம்பி எது, எதைக் கேட்டாலும் சொல்வான். அஞ்சாம் நாள் மட்டும் சல்லடையில் ஊற்றின தண்ணீர் போல நின்றதே இல்லை. எட்டு தடவை சொல்லிப் பார்த்த பிறகு அவளுக்குப் புரிந்தது. அஞ்சாம் நாளை ஏற்கெனவே ஒருத்தர் வாங்கிக்கொண்டாயிற்று, வாங்கிக்கொண்டதாக அவளே எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. வாங்கியதை இன்னொரு தடவை எப்படி வாங்குவது? அந்த எழுத்தை அடித்தால்தான் பாடம் உள்ளே போகும். அடித்தால் அவன் வேலை போகும்.

ஒரு நாள் ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி, சிவப்புப் பேனாவையும் திறந்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்துப் பூவராகன் புதுக் குடியிருப்பில் அய்யனாருக்கு மேடை கட்டியாயிற்று என்று பொங்கல் கொண்டுவந்து கொடுத்தான், அவன் பொண்டாட்டி அம்புஜவல்லி கொடுத்துவிட்டது, நெய் மிதந்தது. பேனாவை மூடிவிட்டாள். இன்னொரு நாள் மேலதிகாரி அறை வாசல் வரைக்கும் போனாள், போன கையோடு தன் வேலையும் போகும் என்று தோன்றியது, கதவைத் தட்டாமல் திரும்பினாள். பதினாலு வருசம் ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவள். தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பதில் அவனைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டாள். பெல்ட்டுக்குள் இறங்குகிற நாளெல்லாம் அவன் பூட்டை அவளே கையில் எடுத்துக் கொடுத்து, "மாட்டு" என்று சொல்லி, மாட்டும் வரை நின்றாள். மற்றவர்கள் "மேடத்துக்குப் பூவராகன்னா தனிப் பாசம்" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டாள். மூன்று மாசம் எப்படியாவது ஓட்டிவிட்டால் அப்புறம் அவனைப் பெல்ட் இல்லாத இடமாகப் பார்த்து மாற்றிவிடலாம் என்பது அவள் கணக்கு. யாராவது இருமினால்கூட அவளுக்கு இருக்கன் என்று கேட்டது.

ஆனி மாசக் கடைசியில் ஒரு பகல் ஷிப்டில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை, பள்ளத்தையே அழித்துவிடுகிற மாதிரி. களிமண் கரைந்து பெல்ட்டில் அப்பி, ஆறாம் நம்பர் பெல்ட் நின்றுவிட்டது. பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு விருத்தாம்பாள் போனாள். மேட்டின் உச்சியில் சுவிட்சுப் பெட்டியும் ஒரு தகரக் கொட்டகையும், அங்கிருந்து பெல்ட் சரிவாக அரை கிலோமீட்டர் பள்ளத்துக்கு இறங்கும், பாதி வழியில் ஒரு பெல்ட் இன்னொன்றின் மேல் கரியைக் கொட்டுகிற தகரக் கூண்டு இருக்கும், ஆள் உள்ளே போய்விட்டால் வெளியே தெரியாது. அன்றைக்குப் பெட்டிப் பக்கத்தில் பூவராகன் அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தபோதுதான் கீழே ஒருத்தன் வழுக்கி விழுந்தான் என்று கூச்சல் கேட்டது. அவள் ஓடினாள். விழுந்தவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அதைத் துடைத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பூவராகனின் கையில் பூட்டைக் கொடுத்து மாட்டு என்று சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஓயாமல் ஞாபகம் வைத்திருந்தவளுக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் வரவில்லை.

வேலை முடிந்து ஆட்கள் மேலே ஏறினார்கள். கடைசியாக வருவது மேற்பார்வையாளர் என்பதால் அவள் பள்ளத்து முனையிலேயே நின்றாள். மேலே போனவர்கள் அவரவர் பூட்டைக் கழற்றிக்கொண்டு கொட்டகையில் ஒண்டினார்கள். பெல்ட்டை ஓட்டுகிற பொத்தான் தூரத்தில் கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் இன்ஜினியர் நவநீதன் கையில் இருந்தது. வாக்கி-டாக்கியில் அவன் குரல் வந்தது.

"மேடம், பவர் ஹவுஸ்ல கரி அடிமட்டத்துக்குப் போயிடுச்சு. பேர் கூப்புட்டு முடிங்க, ஓட்டிடலாம்."

மேலே கொளஞ்சி வாக்கியைப் பிடித்திருந்தான். அவள் கீழிருந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். ஏற்றம் ஏறின களைப்பில் ஒவ்வொருத்தனும் புஸ் புஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கன் என்றான். பூவராகன் என்று கூப்பிட்டாள். "இருக்கன்" என்று கரகரத்த குரல் சுத்தமாக, நிதானமாக வந்தது.

அதில் மூச்சு வாங்கவில்லை.

அவள் வாக்கியை வாயருகே இழுத்தாள். "கொளஞ்சி, பூவராகன் உன் பக்கத்துல நிக்கிறானா?"

"சொன்னாரே மேடம்."

"நிக்கிறானான்னு கேக்கறன்!"

"எல்லாரும் கோணிய தலையில போட்டுக்கிட்டு நிக்கிறாங்க, மூஞ்சி தெரியல… கொரல் கேட்டுதே மேடம்."

"எத்தன பூட்டு எடுத்தீங்க?"

"எண்ணலிங்களே. அவங்கவங்க எடுத்துக்கிட்டாங்க. இப்ப பெட்டியில ஒண்ணும் இல்ல."

முதல் சைரன் ஊதிற்று. மூன்று ஊதினால் பெல்ட் ஓடும், ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் அரை நிமிசம். விருத்தாம்பாள் கூண்டைப் பார்த்து மேட்டில் ஓடத் தொடங்கினாள், முழங்கால் வரை சேறு, ஒரு கால் எடுத்தால் மறுகால் புதைந்தது. பெல்ட்டை நிறுத்த ஓரமாகப் போகிற கயிறு மழையில் சரிந்த மண்ணுக்குள் கிடந்தது, பிடித்து இழுத்தாள், அது அசையவில்லை. "நிறுத்துங்க சார், ஆளு உள்ள இருக்கு!" என்று வாக்கியில் கத்தினாள்.

"என்ன மேடம் நீங்க, பேரு கூப்புட்டாச்சு, பதினோரு பேரும் பதில் சொன்னாங்க, நானே என் காதால கேட்டேன். பூட்டும் இல்ல. இன்னமும் எந்த ரூல்ல நிறுத்தறது?" நவநீதன் கெட்டவன் இல்லை. அவன் இரண்டு மாசமாக அந்தக் குரலை நம்பித்தான் பெல்ட் ஓட்டினான், எல்லாரும் அப்படித்தான். மேலே கொளஞ்சி பதறிப்போய்த் தன் பூட்டைத் திரும்பப் பெட்டியில் மாட்டப் போனான், பெட்டியைப் பார்த்துக்கொள்கிற எலக்ட்ரீஷியன் அவன் கையைப் பிடித்து, "வெளிய இருக்கறவன் மாட்டக் கூடாதுப்பா, அதுக்கு ரூல் இல்ல" என்றான்.

இரண்டாவது சைரன்.

அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு ரூல் மிச்சம் இருந்தது. நவநீதனே பயப்படுகிற ரூல் அது. ஓடிக்கொண்டே, நாலாயிரம் பேர் கேட்கிற அந்தப் பொதுச் சேனலில், மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"பயிற்சி இல்லாத ஆளு பெல்ட்டுல இருக்கு. பூவராகன் அஞ்சாம் நாள் வகுப்புக்கு வரல. நாற்காலி காலியா இருந்தது. நான்தான் வந்தான்னு பொய் எழுதினன். விருத்தாம்பாள் சொல்றன். அந்த எழுத்த அடிச்சிருங்க. அவன் ஆப்சென்ட்."



"அவன் இப்பத்தான் இருக்கேன்னு சொன்னானே," என்றான் நவநீதன்.

"பயிற்சி எடுத்தது அந்தக் கொரலு சார். ஆளு எடுக்கல. வேணும்னா மறுபடி கூப்புடறன், கேளுங்க. பூவராகன்!"

பதில் வரவில்லை. அந்தக் குரல் வந்த பிறகு முதல் தடவையாக அந்தச் சுரங்கத்தில் ஒரு பேர் கூப்பிட்டுப் பதில் இல்லாமல் போனது. "பூவராகன்!" என்று அவள் அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டாள். சரிவெல்லாம், கொட்டகையெல்லாம், கேட்டு வரைக்கும் அமைதி. மூன்றாவது சைரன் ஊதவில்லை.

அவள் கூண்டுக் கதவைப் பிடித்து ஏறி உள்ளே பார்த்தாள். பூவராகன் பெல்ட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உருளைக்கு நடுவில் முழங்கை வரை கையை விட்டுக் களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தகரத்தின் மேல் மழை அடித்த சத்தத்தில் சைரனும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. இடுப்புக் கயிற்றில் அவன் சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னங் கொஞ்சம்தான் மேடம், முடியப் போவுது," என்றவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். கையை உருளையிலிருந்து மெல்ல எடுத்தான். பிறகு குனிந்து இடுப்பைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான்.

"இத மேல மாட்டிட்டு எறங்கியிருக்கணும் இல்ல?"

"ஆமாய்யா," என்றாள் அவள். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்த பிறகு கொளஞ்சி அவனிடம் நடந்ததைச் சொன்னான். பூவராகன் கேட்டுக்கொண்டு, "அப்ப என் வேல?" என்றான். "நாளக் கழிச்சு எனக்கு நாப்பது," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பூட்டையும் சாவியையும் கழற்றி விருத்தாம்பாள் காலடியில் வைத்துவிட்டு மழையில் நடந்து போனான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விசாரணை மூன்று நாள் நடந்தது. அவன் பேரை அடித்தார்கள். அவளை இரண்டு மாசம் வேலையிலிருந்து நிறுத்தி, அதற்கப்புறம் மறுபடி பயிற்சிக் கூடத்துக்கே வரச் சொன்னார்கள், ஏனென்றால் அந்தக் கூடத்தில் நின்று பேர் கூப்பிட வேறு யாருக்கும் தைரியம் இல்லை. குரல் போயே போய்விட்டது. மறுநாள் பெரிய மஸ்டரில் நானூற்றுப் பதினேழு பேருக்குப் பதில் இல்லை. கூட்டங்களுக்கு ஆட்கள் உடம்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று, வீட்டில் பொம்பளைகள் கேட்டால் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று, எல்லா எரிச்சலும் விருத்தாம்பாள் தலையில் விழுந்தது. காய்க்காரன்கூட அவள் வாசலில் வண்டியை நிறுத்தவில்லை. பதினாறாம் பிளாக் கிளார்க் ஒரு நாள் அவள் எதிரில் வந்து நின்று, ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே போனார். அவருக்காக மட்டும் அவளுக்கு மனசு வலித்தது.

விசாரணை முடிந்த பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் குவார்ட்டர்ஸ் வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்புஜவல்லி வந்தாள். முப்பத்து மூன்று வயசு, ஒல்லி, வெயிலில் நடந்து வந்த முகம். வந்தவள் உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"நல்லா இருப்பியா நீ? நெலமும் போச்சு, வேலையும் போச்சு, அந்த மனுசன் மொகட்டப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்கறான். எழுதினியே, எழுதினது எழுதினபடி கெடக்கக் கூடாதா? எந்த வாயால அவன் வரலன்னு சொன்ன? எங்கூட்டுப் பொங்கல வாங்கித் தின்ன வாயிதான அது?"

விருத்தாம்பாள் மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்புஜவல்லி கால் மணி நேரம் ஏசினாள், ஏசி ஏசித் தொண்டை கட்டி, கடைசியில் மிளகாய் நெடியில் தும்மல் வந்து நிறுத்தினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கூண்டுக்குள்ள கைய வுட்டுக்கிட்டு இருந்தாராமே," என்றாள், குரலை இறக்கி.

"முழங்கை வரைக்கும்."

"கொளஞ்சி சொன்னான். மூணாவது சங்கு ஊதியிருந்தா…" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். பிறகு ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

விண்ணப்பம். நிலம் போன வீட்டுக்கு ஒரு வேலை. பேர் என்ற இடத்தில் அ. அம்புஜவல்லி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்தில் குண்டுகுண்டாக எழுதி, வயசு முப்பத்து மூன்று என்று போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தது. விருத்தாம்பாள் அதை இரண்டு தடவை படித்தாள். ரிஜிஸ்டரையும் சிவப்புப் பேனாவையும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் தவித்திருந்தாள், ஒரு பொம்பளையாக இருந்துகொண்டு இந்த யோசனை தனக்கு வரவே இல்லையே என்று முகம் சுட்டது.

"ஆபீசுல வாங்கிக்குவாங்களா?"

"வாங்கித்தான் ஆவணும்."

"அடுத்த பயிற்சி நீதான நடத்துவ?"

"நான்தான்."

அம்புஜவல்லி காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். இரண்டு அடி போனவள் நின்று திரும்பினாள்.

"யக்கா, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. மாமியாருக்கு ஒடம்புக்கு முடியாது. சாமி, சாவு, சடங்குன்னு ஆயிரம் வரும், நான் வந்து கெஞ்சினாலும் கெஞ்சுவன். அழுதாலும் அழுவன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எனக்கு மட்டும் நீ பாவம் பாத்துடாத."